ஆறு நாள் வகுப்பு, இரண்டு விதச் சான்றிதழ்: கோத்தகிரிப் பயிற்சி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கோத்தகிரியில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் ஆறு நாள் தங்கிப் பயிலும் வகுப்புக்கு, கடந்த நவம்பரில் எங்கள் அமைப்பிலிருந்து இருவர் சென்றோம். ஒருவர் நான், சமூகப் பணியில் முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டுப் பதினொரு ஆண்டுகளாக முதியோர் நலப் பணியில் இருப்பவள். மற்றவர், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிச் சென்று கவனித்துக்கொள்ளும் எங்கள் அக்கா. இருபது ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, கூடையின் பாரத்தை இடுப்பு இனித் தாங்காது என்று மருத்துவர் சொன்ன பிறகு, கூடையைவிடக் கனமான மனிதர்களைத் தூக்கும் இந்த வேலைக்கு வந்தவர் அவர். சமூகப் பணியாளருக்கும் பராமரிப்புப் பணியாளருக்கும் சேர்த்து ஒரே வகுப்பு என்ற அறிவிப்பைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். தங்குமிடமும் உணவும் உட்படத் தலைக்கு 6,500 ரூபாய். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், கோத்தகிரியோ சிறிய ஊர்.

இப்படி ஒரு வகுப்பு ஏன் அரிது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமூகப் பணியைப் படிப்பாகக் கற்பிக்கும் மரபு நம் நாட்டில் 1936இல் மும்பையில் சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரில் தொடங்கிய பள்ளியோடு வேர்விட்டது. அதுவே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப் பணிக்கான கல்வி நிலையத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு, வாரந்தோறும் களப்பணி, களப்பணிக்கு மேற்பார்வையாளர், மேற்பார்வையாளருக்கு அறிக்கை என்று எங்கள் பயிற்சிக்கு ஓர் உருவம் உண்டு. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலிலும் மருத்துவச் சமூகப் பணியாளருக்கும் மனநலச் சமூகப் பணியாளருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பராமரிப்புப் பணிக்கும் திறன் பயிற்சிச் சான்றிதழ்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் இந்த மலையில் சந்தித்தவர்களில் பெரும்பாலோர், ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவருடன் இரண்டு நாள் சென்று பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தனியாக நின்றவர்கள். 'பாட்டிக்கு ஆள் போட்டிருக்கிறோம்' என்றுதான் வீட்டார் அவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். (பேருந்து நிலையப் பதாகைகளில் சால்வையோடு சிரிக்கும் 'சமூக சேவகர்' வேறு வகை, அவருக்கு இந்த இரண்டு பயிற்சிகளும் தேவைப்படுவதில்லை.)

வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். கூடலூர், குன்னூர், கீழ்க்கோத்தகிரி ஆகிய இடங்களிலிருந்தும், கொடைக்கானலிலிருந்து இருவருமாக வந்திருந்தார்கள்; 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்கு மாத்திரை கொண்டுசெல்லும் பெண்கள் மூவரும் இருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே ஒரு விதி அறிவிக்கப்பட்டது: ஆறு நாளும் யாரும் யாரையும் 'மேடம்' என்றோ 'சார்' என்றோ அழைக்கக் கூடாது; அக்கா, அண்ணன், தங்கச்சி, தம்பி மட்டுமே. எனக்கு இது கொஞ்சம் நாடகத்தனமாகப் பட்டது. இருந்தாலும், எங்கள் அலுவலகத்தில் நான் வயதில் மூத்தவரை அக்கா என்று அழைப்பதும், அவர் தம்மைவிடப் பதினைந்து வயது இளைய என்னை மேடம் என்று அழைப்பதும் எனக்கு அன்றுவரை உறுத்தவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் வகுப்புக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் நடத்தினார். சமூகப் பணியாளர்கள் அனைவரையும் கட்டிலில் படுக்க வைத்து, உடலின் ஒரு பக்கம் அசையாதவர்கள் என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, மற்றவர்களை எங்களுக்குச் சோறு ஊட்டச் சொன்னார். முதலில் எனக்கு ஊட்டியவர் என் படிப்பைப் படித்த இன்னொரு தங்கை. இடம் மாறி அந்தப் பக்கம் சென்றிருந்தார். அன்போடுதான் ஊட்டினார். ஆனால் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கேள்வி கேட்டார்: நன்றாக இருக்கிறதா, உப்பு போதுமா, ஊர் எது. பதில் சொன்னால் விழுங்க முடியவில்லை, விழுங்கினால் பதில் சொல்ல முடியவில்லை, நான்காவது கரண்டியில் புரையேறிவிட்டது. அடுத்து எங்கள் அக்கா வந்தார். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார். என் கண் மட்டத்துக்கு வரும்படி முக்காலியை இழுத்துப் போட்டார். முகவாயைச் சற்றே தாழ்த்தச் சொன்னார். சிறு கவளமாகக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்கிய பிறகே அடுத்த கரண்டி வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு அரை மணி நேரம் படுக்க விடவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எப்படி என்று கல்லூரியில் எனக்கு ஒரு பருவம் முழுவதும் பாடம் நடந்தது. அந்தக் காத்திருப்பை நான் உடலால் உணர்ந்தது அந்த முக்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான்.

பிற்பகலில் படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, கீழ்விரிப்பைப் பிடித்து இழுக்காமல் தூக்கி நகர்த்துவது, சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று கொள்வது, அந்த இடத்தைத் தேய்த்துவிடாமல் இருப்பது என்று வரிசையாகச் செய்து காட்டினார். மலைக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்றும் சேர்ந்தது: குளிருக்கு வைக்கும் வெந்நீர்ப் பை, சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தெரியாமலேயே தோலைச் சுட்டுவிடும். இவையெல்லாம் பராமரிப்புப் பணியாளருக்கான பாடம்தானே, எங்களுக்கு எதற்கு என்று சமூகப் பணியாளர்களில் ஒருவர் கேட்டார். செவிலியர் சொன்ன பதிலை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "குதிகால் சிவந்திருந்தா, ராத்திரி அந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேளு தம்பி. அது உன் வேலை." ஒரு குதிகாலிலிருந்து ஒரு குடும்பத்தின் இரவைப் படிக்கலாம் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் எங்கும் எழுதப்படாத செய்தி. பராமரிப்பாளர் சிவப்பைப் பார்க்கிறார், காரணத்தைக் கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. சமூகப் பணியாளருக்குக் கேட்க அதிகாரம் உண்டு, போர்வையை விலக்கிப் பார்க்கும் பழக்கம் இல்லை.

இந்த இடத்தில் சிசிலி சாண்டர்ஸின் கதையைச் செவிலியர் சொன்னது பொருத்தமாக இருந்தது. இங்கிலாந்தில் செவிலியராகப் பயின்று, முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்து, 1967இல் இலண்டனில், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கியவர் சாண்டர்ஸ். இறக்கும் தறுவாயில் இருப்பவரின் வலி உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது என்ற 'முழு வலி' என்னும் கருத்தை அவர் கண்டது, மூன்று வேலைகளையும் ஒரே உடம்பால் செய்து பார்த்ததால்தான் என்று செவிலியர் விளக்கினார். வகுப்பில் இருந்த பாதிப் பேருக்கு முதுகு வலி இருந்ததால் இந்தக் கதை நன்றாகவே எடுபட்டது.

மூன்றாம் நாள், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் உயிரணுச் சோகை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் இந்த நோயின் தடயம் முதன்முதலில் பதிவானதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில்தான். ஆகவே இந்த மலையில் வேலை செய்பவர்களுக்கு இது பாடப்புத்தக நோய் அன்று. குளிரும், போதிய நீர் அருந்தாமையும் வலியைத் தூண்டிவிடும் என்பது பராமரிப்பவர் அறிய வேண்டியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் இந்த நோயும் உண்டு என்பது சமூகப் பணியாளர் அறிய வேண்டியது. இரண்டையும் இரு கரும்பலகைகளில் தனித்தனியே எழுதிவிட்டு, பலகைகளை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கூடலூரிலிருந்து வந்த அக்கா ஒருவர், 1990இல் அங்கே தொடங்கப்பட்ட பழங்குடியினர் மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றதைச் சுட்டிக்காட்டி, "எங்க ஊர்ல ரெண்டு பலகையும் ஒருத்தர் கையிலதான் இருக்கும்" என்றார். பயிற்றுநர் அதை விரித்துப் பேசியிருக்கலாம்; மணியைப் பார்த்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அந்த அக்காவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் வகுப்பின் தரம் ஒரு படி உயர்ந்திருக்கும்.

நான்காம் நாள் களப்பணி. சமூகப் பணியாளர் ஒருவர், பராமரிப்புப் பணியாளர் ஒருவர் என்று இணை இணையாக அனுப்பினார்கள். எனக்கு இணையாகக் குன்னூரிலிருந்து வந்த அக்கா ஒருவர் அமைந்தார். நாங்கள் போனது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றுக்கு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பாட்டி அவர். மகன் திருப்பூரில், வீட்டில் பேரன் மட்டும். சாலையிலிருந்து எழுபது படி இறங்க வேண்டும்; ஆம்புலன்ஸ் மேலேயே நின்றுவிடும், ஆளை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வர வேண்டும். நான் வழக்கம்போலக் குறிப்பேட்டை எடுத்துக் குடும்ப அட்டை, ஓய்வூதியம், ஆதார், வங்கிக் கணக்கு என்று கேட்டேன். பாட்டி எல்லாவற்றுக்கும் 'இருக்கு கண்ணு' என்றார். ஓய்வூதியம் மாதாமாதம் கைக்கு வருகிறதா என்றேன். 'வருது கண்ணு' என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

அதே நேரத்தில் அக்கா, எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடி எடுத்துப் பாட்டியின் தலையைச் சிக்கெடுக்கத் தொடங்கியிருந்தார். நான் குழாயடியையும் கழிப்பறையையும் பார்த்துவரப் போனேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பியபோது அக்காவிடம் இருந்த செய்தி வேறு: ஓய்வூதியம் வருவது உண்மை, வந்த அன்றே அது பேரனின் குழுக் கடன் தவணைக்குப் போய்விடுகிறது, மாத்திரை வாங்கப் பணம் கேட்கப் பாட்டிக்கு வெட்கம். பாட்டி பொய் சொல்லவில்லை. பேனா பிடித்த கைக்குச் சொல்ல ஒரு பதிலும், சீப்புப் பிடித்த கைக்குச் சொல்ல இன்னொரு பதிலும் அவரிடம் இருந்தன. இந்த இரண்டாவது பதிலை நம்பி வாங்கிக்கொள்வதுதான் சமூகப் பணியின் மையத் திறன் என்று எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். அந்த வீட்டில் அது வாய்த்தது அக்காவுக்குத்தான்.

மாலையில் அறிக்கை எழுத வேண்டும். இங்கே பயிற்சியை நடத்தியவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பாராட்டியாக வேண்டும். அவர்களின் அறிக்கைப் படிவத்தில் 'யார் அறிந்தது' என்று ஒரு பத்தி இருக்கிறது. செய்தியைக் கொண்டுவந்தவரின் பெயரை அதில் எழுதியே ஆக வேண்டும். எங்கள் அலுவலக அறிக்கைகளில் இத்தனை ஆண்டுகளாக 'வீட்டுப் பார்வையின்போது அறியப்பட்டது' என்றே நான் எழுதி வந்திருக்கிறேன். அந்தச் செயப்பாட்டு வினைக்குள் எத்தனை முறை எங்கள் அக்கா மறைந்து போனார் என்று கணக்கெடுக்க எனக்குத் துணிவில்லை.

படிவத்தோடு, வீட்டிலேயே வைக்க வேண்டிய பொதுக் குறிப்பேடு ஒன்றையும் பரிந்துரைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அதிலேயே எழுத வேண்டுமாம். குன்னூர் அக்கா உடனே கேட்டார்: "பேரன் எடுத்துப் படிச்சா பாட்டி கதி?" பயிற்றுநர் இதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு, உணவு, புரட்டிய நேரம், மலம், மாத்திரை ஆகியவை வீட்டுக் குறிப்பேட்டில், பணமும் உறவும் அலுவலகக் குறிப்பேட்டில் என்று முடிவானது. ரகசியம் காத்தல் என்பது எங்கள் தொழில்நெறிப் பாடத்தின் முதல் அத்தியாயம். அதை அன்று நினைவூட்டியவர் அந்தப் பாடத்தைப் படிக்காதவர். பாடத்திட்டம் வகுத்தவர்கள் அடுத்த முறை அச்சிடும்போது இந்தத் திருத்தத்தையும், கூடவே அது 'யார் அறிந்தது' என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

சட்ட வகுப்பு சுருக்கமானது, பயனுள்ளது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி மனுவை விசாரிப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். கோத்தகிரிக்காரர்கள் அதற்காகக் குன்னூர் செல்ல வேண்டும். முதியோர் உதவி எண் 14567. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று சொன்னபோது, குறிப்பெடுத்தவர்களில் பராமரிப்புப் பணியாளர்களே அதிகம்.

இனிக் குறைகள். படவில்லைகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. பேச்சு தமிழில், திரை ஆங்கிலத்தில் என்றால் வகுப்பில் பாதிப் பேர் திரையைப் பார்ப்பதை மதியத்துக்குள் நிறுத்திவிடுவார்கள், நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் நாள் மன அழுத்தத்தைக் கையாளுதல் என்று வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் மூச்சுப் பயிற்சி அளித்தார், பலூன் ஊதச் சொன்னார். "மூச்சு நல்லாத்தான் வருது சார், சம்பளந்தான் வர மாட்டேங்குது" என்று கீழ்க்கோத்தகிரி அக்கா சொன்னதும் வகுப்பே சிரித்தது, வந்தவரும் சிரித்தார், பிறகு அடுத்த பலூனுக்குப் போய்விட்டார். ஒரு மரணத்துக்குப் பிறகு சமூகப் பணியாளருக்குப் பேசுவதற்கு மேற்பார்வையாளர் இருக்கிறார், அந்த நபரின் கோப்பினை முடித்து மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எட்டு மாதம் குளிப்பாட்டியவர் இறந்த மறுநாளே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய பராமரிப்பாளருக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை ஆறு நாளில் ஒருவரும் எழுப்பவில்லை. இரு தரப்பாரும் பகிர்ந்துகொள்ளும் சுமைகளில் இதுவே பெரியது. பாடத்திட்டத்தில் உள்ள மிகப் பெரிய ஓட்டையும் இதுதான்.

கடைசி நாள் எழுத்துத் தேர்வு. முப்பது கேள்விகள், ஒரு மணி நேரம், எல்லாருக்கும் ஒரே தாள். புரட்டிப் படுக்க வைப்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த எங்கள் அக்கா, அதைப் பற்றிய கேள்விக்கு இரண்டு வரி எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வாய்மொழியாகக் கேட்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் செய்தே காட்டியிருப்பார். பிறகு சான்றிதழ் வழங்கினார்கள். எங்களுக்கு நீலக் கரையிட்ட 'பயிற்சி நிறைவுச் சான்றிதழ்', பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பச்சைக் கரையிட்ட 'பங்கேற்புச் சான்றிதழ்'. மதிப்பெண்ணை வைத்துப் பிரித்ததாகவும் தெரியவில்லை, தேர்வுத் தாள்கள் அப்போது திருத்தப்படவே இல்லை. முன்கூட்டியே இரண்டு கட்டாக அச்சடித்து வைத்திருந்தார்கள். பெயர் வாசித்தவர் என்னை மேடம் என்றும் அக்காவை வெறும் பெயரிலும் அழைத்தார். திரும்பும் பேருந்தில் அக்காவும் என்னை மறுபடி மேடம் என்றார்.

தங்குமிடம், உணவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி அறை கொடுத்தது நல்ல செயல். வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரை மட்டுமே. சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கொடுத்த அன்று இரண்டாம் முறை வாங்காதவர் இல்லை. நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவு ஏற்படுவது உண்டு. சமவெளியிலிருந்து வருபவர்கள் ஒரு நாள் முன்னதாகவே ஏறிவிடுவது நல்லது. துணி காயாது, கூடுதலாக ஒரு சட்டை கொண்டுவாருங்கள்.

மறுபடி ஆள் அனுப்புவீர்களா என்று எங்கள் செயலாளர் கேட்டார். அனுப்புவோம், ஆனால் இருவராகத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். சமூகப் பணியாளர் மட்டும் சென்றால் இரண்டாம் நாளை ஓர் அனுபவமாகச் சொல்லிக்கொண்டு திரும்புவார்; பராமரிப்புப் பணியாளர் மட்டும் சென்றால், அவர் கற்றுவந்ததை நடைமுறைக்குக் கொண்டுவர அலுவலகத்தில் யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். நாங்கள் இருவரும் சென்றதால், 'யார் அறிந்தது' என்ற பத்தி டிசம்பர் முதல் எங்கள் படிவத்திலும் இருக்கிறது. முதல் மாதம் அதில் அக்காவின் பெயர் பத்தொன்பது முறையும் என் பெயர் ஏழு முறையும் வந்தது. சான்றிதழ் பற்றி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. நீங்கள் பணம் கட்டுவதற்கு முன், தேர்வை வாய்மொழியாகக் கொடுக்க அனுமதி உண்டா, சான்றிதழில் யாருக்கு எந்தச் சொல் அச்சாகும் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.